லாக்கீ சணல் ஆலைப் பெண்ணைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

என் கணவரின் கொள்ளுப்பாட்டியை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டோம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், லாக்கீ பகுதியில் பிறந்து, சணல் ஆலையில் உழைத்து, 1897-இல் 23 வயதில் இறந்துபோனவர். ஆவணக் காப்பகத்துக்கும் வெர்டன்ட் வொர்க்ஸ் அருங்காட்சியகத் தன்னார்வலர்களுக்கும் ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டேன். இது நம்மவர்களுக்கு.

முதல் நன்றி எடின்பரோ தோழிக்கு. ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம் என்று சொன்னதோடு நிற்காமல், விடுப்பு எடுத்துக்கொண்டு பதிவகத்தில் கூடவே உட்கார்ந்தார். 1855-இல் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்தே இறப்புப் பதிவில் தாய் தகப்பன் இருவர் பெயரும் உண்டு. ஒரே பெயர்க்காரிகள் பலருக்குள் இவரைப் பிரித்தெடுத்தது அதை வைத்துத்தான்.

அப்புறம் டாக்டர் அண்ணா. இறப்புப் பதிவில் எங்களுக்குப் பிடிபடாத கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தார்: காசநோய், எட்டு மாதம். இந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தது பிரசவத்தில் போய்விட்டார் என்றுதான். தான் பிறந்ததால்தான் அம்மா செத்தாள் என்று நினைத்தபடியே கணவரின் பாட்டி வாழ்ந்து முடித்தார். பதிவின்படி அப்போது அவர் இரண்டு வயதுக் குழந்தை. கணவரின் அத்தையிடம் படித்துக் காட்டினோம். "அம்மாகிட்ட யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

கோவை மில்லில் வேலை பார்த்த தம்பிக்கும் நன்றி. கொள்ளுப்பாட்டி 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாணவி, 1891-இல் சணல் நூற்பவர். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று புரியவைத்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் பத்து வயதானால் பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் ஆலை. நூல் நிறைந்த பாபினை (நூல் சுற்றும் உருளை) கழற்றி வெற்று பாபினை மாட்டுவது பிள்ளைகள் வேலை. வங்காளத்துச் சணலைத் திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் விட்டு இளக்குவார்களாம். அருங்காட்சியகத்தில் ஓட்டிக் காட்டிய இயந்திரங்களின் சத்தமே காதை அடைத்தது. ஆலை முழுக்க ஓடியபோது பெண்கள் உதட்டசைவிலும் கைஜாடையிலும்தான் பேசிக்கொண்டார்களாம். தூசியைப் பற்றித் தம்பி அதிகம் பேசவில்லை. எட்டு மாதத்தை அவரும் பார்த்திருந்தார்.

சரி, வேலை முடியவில்லை. கொள்ளுப்பாட்டியின் இறப்பைப் பதிந்தவர் அவருடைய தாய். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அயர்லாந்தில் பிறந்தவராம். சணல் வேலைக்காக அங்கிருந்து வந்தவர்கள் நிறைந்த லாக்கீக்கு, அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தின் பெயரால், 'குட்டி டிப்பரேரி' என்றே பெயர் இருந்தது. அயர்லாந்தின் பழைய ஏடுகளில் பெரும்பகுதி 1922 டப்ளின் தீயில் போய்விட்டதால், இனி தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் கதி. அவற்றில் பல லத்தீனில் இருக்கும் என்பதால், லத்தீன் தெரிந்தவர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
டண்டீ வீட்டு மருமகள்