நான்கையும் எடுக்க வேண்டுமா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய எக்ஸ்ரேயை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். மேலே இரண்டு ஞானப்பற்களும் நேராக முளைத்திருக்கின்றன. கீழே இடதுபக்கத்தது எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது. வலதுபக்கத்தது பாதி வெளியே, பாதி ஈறுக்குள், பக்கத்துப் பல்மேல் சாய்ந்திருக்கிறது. நான்கையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராமே. எனக்கென்னவோ நான்கையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியாகப் படவில்லை.

முன்பற்களை நெருக்கிக் கோணலாக்கிவிடும் என்பதுதான் காரணம் என்றால் வேண்டாம். அந்த நெருக்கம் வயதோடு வருவது, ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் வருகிறது. நோயில்லாமல் புதைந்திருக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது. இளவயதில் எடுத்தால் சுலபம், புண்ணும் சீக்கிரம் ஆறும் என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு. அதுவும் பொய்யில்லை. ஆனாலும் மேலே உள்ள இரண்டையும் விட்டுவிடலாம். புதைந்ததை அவ்வப்போது எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் தோன்றுகிறது.

அந்த வலது கீழ்ப்பல்தான் கவலை. வலியே இல்லை என்கிறாய். வலி இல்லாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு சிக்கும், பிரஷ் எட்டாது. பக்கத்தில் இருக்கும் நல்ல பல் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் சொத்தையாகும். பாதி மூடிய ஈறு வீங்கி, சீழ் வைத்து, வாயைத் திறக்க முடியாமல் போவதும் இப்படிப்பட்ட பல்லில்தான். போன வருஷம் அந்தப் பக்கம் வீங்கியதே, டாக்டரிடம் சொன்னாயா? நீ சொல்லியிருக்க மாட்டாய்.

எடுப்பதென்றால், கீழ்த்தாடை நரம்பு வேருக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று கேள். அது அடிபட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். பெரும்பாலும் சரியாகிவிடும், அபூர்வமாக அப்படியே நின்றுவிடும். ரொம்ப நெருக்கம் என்றால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். வேரை உள்ளேயே விட்டு, பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் முறையும் இருக்கிறது.

அப்புறம், எடுத்த குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து வலி உயிரை எடுக்கும். அதனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, சிகரெட் கூடாது. (சிகரெட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.)

முடிவு உன்னுடையது. தேதி குறித்தால் உடனே சொல், அம்மா இப்போதே டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா