ஜாயிண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள், கண்ணு

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அம்மா பாதியில் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம். சூட்டிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் சரக்கைக் கம்ப்யூட்டரில் தேடுவது பற்றி நீ அனுப்பிய குறிப்பைக் கடையில் கரண்ட் போகும் நேரமெல்லாம் எடுத்துப் படிக்கிறேன்.

மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு உன் பிரச்சினை பழகின சங்கதிதான். செம்பு கரண்டையும் நன்றாகக் கடத்தும், சூட்டையும் நன்றாகக் கடத்தும், இரண்டையும் சுமப்பது பெரும்பாலும் அதே எலக்ட்ரான். உனக்கோ கரண்ட் ஓட வேண்டும், சூடு மட்டும் தாண்டக் கூடாது. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் நின்றால்தானே வோல்டேஜ். 1821-இல் சீபெக் கவனித்தது இதைத்தான், அதுவும் நீ இருக்கும் ஜெர்மனியில். நம் வார்னிஷ் ஓவனில் சூட்டை அளக்கத் தொங்கும் தெர்மோகப்பிளும் இந்த வேலையைத்தான் செய்கிறது: டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட். உன் பட்டியலில் உள்ள பிஸ்மத் டெல்லுரைடு என்ற சரக்கு 200 கொடுக்கும் என்றால் பெரிய விஷயம்தான்.

ஒவ்வொரு கலவையையும் உருக்கிப் பார்க்க ஆயுள் போதாது, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் சரி. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகத் துரத்தாமல் அடர்த்தியை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம் என்று வால்டர் கோனும் கூட இருந்தவர்களும் 1964, 65-இல் காட்டினார்கள், அதற்காகக் கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல். ஆனால் அதே முறை, கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தாண்ட வேண்டிய இடைவெளியை, சிலிக்கானில் 1.1 எலக்ட்ரான் வோல்ட் இருப்பதை, 0.6 பக்கம் காட்டுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். இடைவெளி குறைவாகத் தெரிந்தால், சூடு ஏறினதும் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான ஹோலும் சேர்ந்து ஓடி வோல்டேஜைத் தின்றுவிடும் என்று கணக்கு சொல்லும், நல்ல சரக்கு குப்பைக்குப் போகும். எதையும் தள்ளும் முன் வேறு முறையிலும் ஒருதரம் பார்த்துவிடு.

அப்புறம் ஜாயிண்ட். போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே தூக்கினால் காயில் அப்படியே இருக்கும், கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். இந்த ஊரில் இதைப் பார்க்காத மெக்கானிக் கிடையாது. போன மாதம் ஒரு பையன் வாட்டர் டிஸ்பென்சரில் இருந்து கழற்றிய பெல்டியர் தகட்டை, கரண்ட் கொடுத்தால் குளிரும், சூடு கொடுத்தால் கரண்ட் தரும் அதை, ஜெனரேட்டர் சைலென்சரில் ஒட்டிக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டைகள் எல்லாம் முழுசாக இருந்தன, ஈயம்தான் உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. பிஸ்மத்தும் தகரமும் கலந்த பற்று 138 டிகிரியிலேயே உருகிவிடுமே, சைலென்சர் அதோடு நிற்குமா? அதற்கு மேலே தாங்கும் பற்று வைத்தாலும் உலோகம் உள்ளே ஊறாமல் இருக்க நடுவில் நிக்கல் பூச வேண்டும். உன் பட்டியலில், சரக்கு சூட்டை எவ்வளவு நன்றாகக் கரண்டாக்கும் என்று சொல்லும் ஜெட்-டி என்ற ஒரு எண்ணுக்குத்தான் மார்க். எதோடு ஒட்டும், சூட்டில் எவ்வளவு விரியும் என்பதற்கு ஒரு பத்தியாவது போட்டால் என்ன?

தகர செலினைடு என்ற இன்னொரு சரக்கின் கதையும் இதுதான். 2014-இல் அதன் ஜெட்-டி 2.6 என்று வந்தது, அதுவும் ஒற்றைப் படிகத்தில், ஒரு திசையில், 650 டிகிரி சூட்டில். மற்றவர்கள் தூளை அழுத்திச் செய்தபோது அது வரவில்லை. மேலே படிந்த ஆக்சைடு சூட்டைக் கடத்திக்கொண்டிருந்தது. அதை நீக்கினபின் 2021-இல் தூள் சரக்கே 3-ஐத் தாண்டியது. சுத்தமான படிகத்தை மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டருக்கு ஆக்சிஜனைப் பற்றி என்ன தெரியும்?

பாலக்கோடு பக்கம் வெல்ல ஆலைப் புகைபோக்கியில் போகிற சூட்டைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் வயிறு எரிகிறது. சக்கை எரியும்போது ஒரு சூடு, பாகு இறக்கும்போது ஒரு சூடு, அங்கே ஏதோ ஒரு சூட்டில் மட்டும் உச்சத்தில் வரும் ஜெட்-டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நடுவில் நாள் முழுக்க வருவதுதான் காசு. பொங்கலுக்கு முன்னால் வந்தால் ஆலை ஓடிக்கொண்டிருக்கும். கடை தெர்மோகப்பிளை எடுத்துக்கொண்டு போய் அடிக்கு அடி டிகிரி எடுக்கலாம், உன் கணக்குக்கு உண்மையான சூடு கிடைக்கும். ஆலைக்காரரிடம் பேசிவிட்டேன். டிக்கெட் போட்டதும் தேதி சொல்.

அப்பா
காவேரிப்பட்டணம்