நினிங்கர் டானலி: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

ஹேஸ்டிங்ஸ், மின்னசோட்டா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாட்ஸ்அப்பில் காசு ஏறாது என்று எத்தனை சொன்னாலும் நம்பாமல் "சரி, வை வை" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் சாவகாசமாகக் கடிதமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன தடவை ஒரு கேள்வி கேட்டீர்கள். அந்த ஊர் எலெக்ஷனில் விவசாயி எவனாவது நிற்கிறானா, இல்லை எல்லாம் கம்பெனிக்காரன்தானா என்று. இங்கே ஜனநாயகக் கட்சிக்கு இந்த மாநிலத்தில் பெயர் வேறு: ஜனநாயக விவசாயி தொழிலாளர் கட்சி. விவசாயி தொழிலாளர் கட்சி என்று முன்பு தனியாக ஒன்று இருந்து, 1944-இல் இரண்டும் சேர்ந்துகொண்டன. பெயரில் விவசாயி இருந்துவிட்டால் ஆயிற்றா என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அரசியல் போதாது. ஆனால் அந்தக் கட்சிக்கெல்லாம் முந்தின ஒரு ஆள் இந்தப் பக்கத்தில் இருந்தார். அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று ஒரே அரிப்பு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஹேஸ்டிங்ஸ் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. நம் கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது எப்படி இருக்குமோ, அப்படி வருஷம் பூராவும் தண்ணீர். குளிர்காலத்தில் விளிம்பெல்லாம் உறைந்துவிடும். சில நாள் மைனஸ் 25 டிகிரி. மூக்குக்குள் முடி விறைத்துக்கொள்வது தெரியும். ஊரைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். வரப்பே இல்லாத வயல்கள், பெரியப்பா. வயலில் ஆளும் இருக்காது, மெஷின்தான். ஊர்ப் பூங்காவில் ஒரு இடிந்த மாவு ஆலை நிற்கிறது. மின்னசோட்டாவின் பழைய கவர்னர் அலெக்சாண்டர் ராம்சேயின் ஆலை அது. 1894-இல் எரிந்துபோனதாம். இந்த ஊர்க் கதையைத் தோண்டினால் எந்தப் பக்கம் போனாலும் கோதுமையில்தான் வந்து முடிகிறது.

ஊருக்கு மேற்கே ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் போனால் நினிங்கர். இன்று அங்கே வயலும் சில வீடுகளும்தான். 1856, 57-இல் அதைப் பெரிய நகரமாக்கிவிடுவோம் என்று மனை போட்டு விற்றார்கள். நம் பக்கம் பைபாஸ் ஓரத்தில் கலர் கொடி கட்டி, கல் நட்டு, "நகர்" என்று போர்டு வைப்பார்களே, அச்சு அசல் அதுதான். ராம்சேயின் மைத்துனர் ஜான் நினிங்கர் இதில் ஒரு கூட்டாளி. இன்னொருவர் பிலடெல்பியாவிலிருந்து வந்த இளம் வக்கீல் இக்னேஷியஸ் டானலி. நான் சொல்லவந்த ஆள் இவர்தான்.

டானலி 1831-இல் பிறந்தவர். அப்பா அயர்லாந்திலிருந்து குடியேறிய டாக்டர். வைத்தியம் பார்க்கப்போன இடத்தில் நோயாளியிடமிருந்தே காய்ச்சல் தொற்றிச் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா அடகுக்கடை நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கினார். மகன் வக்கீலாகி, கல்யாணம் முடித்து, 25 வயதில் இங்கே வந்து இறங்கினார். குடியேற வருபவர்களைக் கவர ஒரு பத்திரிகையே நடத்தினார், இங்கிலீஷிலும் ஜெர்மனிலும். ஊர் கொஞ்சம் நிமிர்ந்தது, சில நூறு பேர் வந்தார்கள். அதற்குள் 1857 ஆகஸ்டில் ஓஹையோவில் ஒரு பெரிய நிதி நிறுவனம் விழுந்து, நாடு முழுக்கப் பணமுடை. மனை வாங்கியவர்களிடம் காசு இல்லை. ரயிலும் இந்த ஊருக்கு வரவில்லை. வீடுகளைப் பெயர்த்து ஹேஸ்டிங்ஸுக்கு இழுத்துப்போனவர்கள்கூட உண்டாம். எல்லோரும் போனபின்னும் டானலி போகவில்லை. மனைகளாக அளந்த நிலத்தையே உழுது கோதுமை விதைத்துவிட்டார். நினிங்கர் வீடு அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அப்புறம்தான் அரசியல். மாநில செனட்டுக்கு நின்று தோற்றார், மறுபடி நின்று தோற்றார். 1859-இல் ராம்சே கவர்னராக, இவர் துணை கவர்னராக ஜெயித்தார்கள். இங்கே கவர்னரை டெல்லி மாதிரி எங்கிருந்தோ அனுப்புவதில்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி, நம் முதலமைச்சர் போல. 28 வயதில் அதற்கு அடுத்த நாற்காலி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. இந்த நிலமெல்லாம் இங்கத்திய பூர்வகுடிகளான டகோட்டா மக்களுடையது. நான் இருக்கும் மாவட்டத்தின் பெயரே டகோட்டா. 1851-இல் ஒப்பந்தம் என்ற பெயரில் வாங்கினார்கள். பேசிய பணமும் உணவும் ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை. 1862-இல் பசியும் கோபமும் சேர்ந்து சண்டை வெடித்தது. டகோட்டாக்களை அழிக்கவேண்டும், இல்லாவிட்டால் மாநில எல்லைக்கு வெளியே துரத்தவேண்டும் என்று ராம்சே வெளிப்படையாகவே பேசினார். அந்த டிசம்பர் 26-ஆம் தேதி மன்கேட்டோ ஊரில் 38 டகோட்டாக்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். அப்போது துணை கவர்னர் டானலி. பிற்பாடு காங்கிரஸில், அதாவது இந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் போய், பூர்வகுடிகளின் விவகாரங்களைப் பார்த்த அரசுத் துறையின் ஊழலைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்றாலும், இவர் விற்ற மனைகளும் அந்த நிலம்தான். நாங்கள் குடியிருப்பதும் அதில்தான், மறுக்கவில்லை.

1863 முதல் 1869 வரை வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்குக் கல்வி வேண்டும் என்று உறுதியாகப் பேசினார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வாய்! இல்லினாய்ஸ்காரர் எலிஹு வாஷ்பர்ன் இவரைக் குறைசொல்லி எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. 1868 மே மாதம் டானலி அவையில் எழுந்து, எலிஹுவையும் அவர் குடும்பத்தையும் வாங்குவாங்கென்று வாங்கிவிட்டார். அவையில் சிரிப்பு, கைதட்டல் எல்லாம் கிடைத்தது. ஆனால் வாஷ்பர்ன் சகோதரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு சகோதரர் அதே அவையில் விஸ்கான்சின் உறுப்பினர், இன்னொருவர் மின்னசோட்டாவிலேயே பெரும்புள்ளி. அந்த வருஷத் தேர்தலில் அவருடைய குடியரசுக் கட்சி பிளந்தது, டானலி தோற்றார். அதன்பிறகு அவர் வாஷிங்டனுக்கு உறுப்பினராகப் போகவே இல்லை. உங்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரரின் மச்சினனை இழுத்தீர்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது இனிமேல்தான். மின்னியாபோலிஸில் மிசிசிப்பி ஒரு அருவியாக விழுகிறது. அந்தத் தண்ணீர் வேகத்தில்தான் மாவு ஆலைகள் ஓடின. 1880 வாக்கில் தொடங்கி ஐம்பது வருஷம் உலகத்திலேயே அதிகமாக மாவு அரைத்த ஊர் அது. வாஷ்பர்ன் சகோதரர்களின் ஆலையும் அங்கேதான். 1878-இல் மாவுத்தூசி தீப்பிடித்து ஆலை வெடித்ததில் 18 தொழிலாளிகள் இறந்தார்கள். திரும்பக் கட்டிய ஆலையின் இடிபாட்டில் இப்போது மியூசியம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். அந்த ஆலை வழிவந்த கம்பெனியின் மைதாவில்தான் நான் இங்கே பரோட்டா போடுகிறேன்.

ஆலைக்காரர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, கோதுமை வாங்க ஊர் ஊராக ஏஜெண்டுகளை அனுப்பினார்கள். ஏஜெண்டிடம் ஒரு சின்னப் பித்தளைக் குவளை இருக்கும், தராசோடு சேர்ந்தது. அதில் கோதுமையை நிரப்பி எடை பார்த்து, இது ஒன்றாம் தரம், இது இரண்டாம் தரம் என்பார்கள். மெதுவாகக் கொட்டினால் ஒரு எடை, குலுக்கிக் கொட்டினால் ஒரு எடை. குவளை யார் கையில் இருக்கிறதோ அவன் வைத்ததே தரம். ஒரு தரம் இறங்கினால் விலையும் இறங்கிவிடும். வண்டி பூட்டிப் பனியில் வந்த விவசாயி மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டா போவான்? கொடுத்துவிட்டுத்தான் போவான். நம் ஊரில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேலே காட்டுகிறது என்று மூட்டையை ஓரம் தள்ளிவிட்டு, ராத்திரி மழையில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றோமே, அந்தக் கதையேதான்.

1878 தேர்தலில் டானலி இந்தக் குவளையைத்தான் ஊர் ஊராகத் தூக்கிப் பேசினார். எதிரில் நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வில்லியம் வாஷ்பர்ன், ஆலை முதலாளி, பழைய பகையாளியின் தம்பி. பித்தளைக் குவளைத் தேர்தல் என்றே இன்றும் புத்தகங்களில் எழுதுகிறார்கள். டானலி தோற்றார். முறைகேடு என்று முறையிட்டும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் 1885-இல் மாநில அரசே ஆள் வைத்துத் தானியத்தின் தரம் பார்க்கும் ஏற்பாடு வந்துவிட்டது.

அவர் மாறிய கட்சிகளைக் கேட்டால் நம்மூர்க்காரர்களே அசந்துபோவார்கள். குடியரசுக் கட்சி, அப்புறம் விவசாயிகளின் கிரேஞ்ச் இயக்கம், ஏகபோக எதிர்ப்பு, கிரீன்பேக் கட்சி, நடுவில் ஜனநாயகக் கட்சியின் ஆதரவு, விவசாயிகள் கூட்டணி, கடைசியில் மக்கள் கட்சி. பதவிக்காகத் தாவினார் என்று சொன்னவர்கள் அப்போதே உண்டு. என் கணக்கில், பதவி ஆசையும் அவருக்கு நிறைய இருந்தது, ஆனால் ரயில் கம்பெனி, ஆலை முதலாளி, வட்டிக்காரன் ஆகியோரைப் பற்றிய பேச்சு எந்தக் கட்சிக்குப் போனாலும் மாறவில்லை. மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மாறிமாறி உட்கார்ந்திருக்கிறார். 1892-இல் ஒமாஹா நகரில் கூடிய மக்கள் கட்சியின் அறிக்கைக்கு முன்னுரை எழுதியது இவர்தான். அரசாங்க அநீதி என்ற ஒரே வயிற்றில்தான் பிச்சைக்காரனும் கோடீஸ்வரனும் பிறக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. கூடுதல் சம்பாதிப்பவனுக்குக் கூடுதல் வருமான வரி என்று அந்தக் கூட்டம் கேட்டது. செனட்டர்களை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றும் கேட்டது. வருமான வரிக்கும் நேரடித் தேர்தலுக்கும் அரசியல் சட்டத்தில் வழி பிறந்தது 1913-இல். அதே 1892-இல் டானலி கவர்னருக்கு நின்று மூன்றாவதாக வந்தார்.

தேர்தல் இல்லாத குளிர்காலத்தில் புத்தகம் எழுதினார். கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் கண்டம் உண்மையாகவே இருந்தது, நாகரிகமெல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்று 1882-இல் ஒரு பெரிய புத்தகம். அமோக விற்பனை. இங்கிலாந்துப் பிரதமர் கிளாட்ஸ்டனே பாராட்டிக் கடிதம் எழுதினார். இப்போது யாரும் அதை விஞ்ஞானமாக எடுத்துக்கொள்வதில்லை, எகிப்திலும் மெக்சிகோவிலும் பிரமிடு இருக்கிறது பார், பார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், அவ்வளவுதான். ஆனால் 1888-இல் பிளாவட்ஸ்கி அம்மையார் இவரைத் தம் புத்தகத்தில் மேற்கோள் காட்டுகிறார். அடையாறில் இருக்கிறதே பிரம்மஞான சபை, அந்தம்மாதான். லெமூரியா என்ற பேச்சு பரவியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அது நம்மிடம் வந்து குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. தமிழய்யா வகுப்பில் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னதில் இந்தக் கோதுமை விவசாயியின் தூசியும் கொஞ்சம் கலந்திருக்கிறது பாருங்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களை அந்தக் காலத்து அறிஞர் பேக்கன்தான் எழுதினார், உள்ளே ரகசியக் குறியீடு இருக்கிறது என்றும் ஒரு தடிப்புத்தகம் போட்டார். அது ஊர் சிரித்தது.

பெரியம்மாவுக்கு ஒரு செய்தி: முதல் மனைவி 1894-இல் இறந்தபின், 1898-இல் தன்னிடம் செயலாளராக இருந்த இளம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 66 வயது. பேச்சு எப்படி எழுந்திருக்கும் என்று பெரியம்மாவே சொல்லட்டும். 1900-இல் மக்கள் கட்சியின் ஒரு பிரிவு அவரைத் துணை ஜனாதிபதிக்கு நிறுத்தியது. அதிலும் தோல்வி. 1901 ஜனவரி 1-ஆம் தேதி மின்னியாபோலிஸில் இறந்துபோனார். செயின்ட் பாலில் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பனி கரைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். கல்லறைக்கா பிக்னிக் என்கிறார்.

சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அண்ணன் லோன் விஷயம் என்ன ஆயிற்று? மேட்டூர் எப்போது திறக்கிறார்கள், இந்த முறை குறுவை போடுகிறீர்களா, இல்லை நேராகச் சம்பாதானா என்று எழுதுங்கள். எழுதச் சோம்பலாக இருந்தால் அண்ணனை விட்டு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். அதற்கும் காசு இல்லை.

அன்புடன்,
பாப்பா