உன் பதினொருவர் அணிக்கு ஒரு மறுப்பு

அன்பு நண்பா,

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். நம் கூட்டத்தில் பழைய சண்டை இன்னும் ஓயவில்லை என்பதையும், யார் யார் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். கால்பந்தில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்று நீங்கள் எல்லோரும் கூடித் தேர்ந்தெடுத்த பதினொருவர் அணியை நான் ஏற்கவில்லை. அந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் அநியாயமாகச் சேர்க்கப்பட்டவை என்பது என் எண்ணம். அவர்கள் நன்றாக ஆடினார்கள் என்று நான் வாதிடப்போவதில்லை. ஆடவில்லை என்பது கண்ணால் கண்டது. சரிவு தொடங்கிய நாளை நீங்கள் தவறாகக் குறிக்கிறீர்கள் என்பதுதான் என் வழக்கு. புதிய சட்டையைப் பிடித்தபடி ஒருவர் புகைப்படத்துக்கு நிற்கிறாரே, அந்த நாளிலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறீர்கள். அவருடைய கால்கள் அந்தக் கணக்கை அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டிருக்கும்.

ஸ்பெயினின் முன்வரிசை ஆட்டக்காரர் ஃபெர்னாண்டோ டோரஸை எடுத்துக்கொள். 2011 ஜனவரி 31 அன்று லிவர்பூலிலிருந்து செல்சீ அவரை 5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இங்கிலாந்தில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் தரப்படாத தொகை அது. லிவர்பூலுக்காக லீக்கில் 102 ஆட்டங்களில் 65 கோல் அடித்தவர், செல்சீக்காக 110 லீக் ஆட்டங்களில் அடித்தது 20. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பணம் வந்ததும் பசி போய்விட்டது என்று நீ முடித்துவிடுகிறாய். ஆனால் இரண்டுக்கும் நடுவே 2010 என்று ஓர் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரியில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏப்ரலில் அதே முழங்காலில் மீண்டும் ஒன்று. அந்தப் பருவத்தில் லீக்கில் ஆட முடிந்தது 22 ஆட்டம். அதிலும் 18 கோல் அடித்தார் என்பதால் காயத்தின் ஆழம் யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டாம் அறுவைக்குப் பிறகு இரண்டே மாதத்தில் உலகக் கோப்பைக்குப் போனார். இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்பெயின் கோப்பையைத் தூக்கிய மகிழ்ச்சியில் அந்தக் காட்சி எல்லோருக்கும் மறந்துபோனது.

டோரஸின் ஆட்டம் எதை நம்பி இருந்தது என்பதையும் யோசித்துப் பார். தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் விழும் பந்துக்கு அவரை விட அரையடி முன்னால் போய்ச் சேர்வதுதான் அவர் தொழில். 2008 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் ஜெர்மனியின் பிலிப் லாமைத் தாண்டிப் போய் அடித்த கோல் முழுக்க முழுக்க அந்த அரையடியால் ஆனது. முழங்கால் அந்த அரையடியைத் திருப்பித் தர மறுத்தால், மீதி எல்லாத் திறமையும் அப்படியே இருந்தாலும் அவர் வேறு ஆட்டக்காரர்தான். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் கோல்காவலரையும் தாண்டிவிட்டு வெறும் வலைக்கு வெளியே அடித்தாரே, அதை மட்டும் மூளையின் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். கால் தளர்ந்தவர் மனம் தளர்வதும் நடக்கத்தான் செய்யும்.

டோரஸை விற்ற அன்றே லிவர்பூல் 3 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ஆண்டி கேரல் தொடைக் காயத்தோடுதான் வந்து சேர்ந்தார். ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் பரிமாற்றச் சாளரம் மூடும் கடைசி நாளின் அவசரத்தில், கையில் பணத்தோடு நிற்கும் கழகம் எதையும் வாங்கும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 44 லீக் ஆட்டங்களில் 6 கோல் அடித்தது அவர் குறை என்றால், அந்த விலையை எழுதியது யார் குறை?

இங்கிலாந்தின் மைக்கேல் ஓவனைப் பற்றி நீ எழுதியிருப்பது இன்னும் கடுமையாக இருக்கிறது. நியூகாசில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நான்கு ஆண்டுகள் சும்மா இருந்தார் என்கிறாய். 2005 கடைசி நாளில் டாட்டனத்துக்கு எதிராகப் பாத எலும்பு முறிந்தது, 2006 உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது, இவையெல்லாம் உனக்குத் தெரியும். நீ விட்டுவிட்டது 1999 ஏப்ரல். லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய தொடையின் பின்தசை அறுந்தபோது அவருக்கு வயது 19. அதன் பிறகு ஒரு காலில் மூன்று, மற்றொரு காலில் இரண்டு என்று தொடைத் தசைகள் சமமில்லாமல் ஓட வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், உலகின் கண்ணுக்கு அவர் உச்சத்தை எட்டியது அதற்குப் பிறகுதான். 2001-இல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருது வாங்கினார். உடம்பு இறங்கத் தொடங்கிய பிறகும் விருதும் விலையும் சில காலம் ஏறிக்கொண்டே இருக்கும். நியூகாசில் 2005-இல் வாங்கியது அந்த ஏறிய விலையை.

ஈடன் ஹசார்ட் விஷயமும் இதே வழியில்தான் போகிறது, ஆனால் அவரிடம் எனக்கும் கொஞ்சம் கோபம் உண்டு. 2019-இல் 10 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. நான்கு பருவங்களில் எல்லாப் போட்டிகளும் சேர்த்து 76 ஆட்டம், 7 கோல். கோடை விடுமுறையில் எடை கூடி வந்து சேர்ந்ததை அவரே மறைக்கவில்லை. அந்தப் பொறுப்பின்மைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எனினும் கணுக்காலின் வரலாறு எடையின் வரலாற்றை விடப் பழையது. 2017 ஜூனில் பெல்ஜிய அணியின் பயிற்சியின்போதே வலது கணுக்கால் முறிந்து அறுவை நடந்திருந்தது. 2019 நவம்பரில் பாரிஸ் அணிக்கு எதிராக அதே இடத்தில் அடிபட்டது. 2022-இல் அந்தக் காலிலிருந்து உலோகத் தகட்டை எடுக்க வேண்டியிருந்தது. செல்சீயில் ஏழு ஆண்டுகள் 352 ஆட்டங்களில், பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு தடுப்பாட்டக்காரர்களை அருகே வரவிட்டு ஏமாற்றுவதே அவருடைய கலையாக இருந்தது. அருகே வருகிறவர்கள் எல்லோரும் ஏமாறுவதில்லை. சிலர் காலை மிதிப்பார்கள். 2023-இல் ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருந்தும் அதைப் பேசி முடித்துக்கொண்டு வெளியேறினார் என்பதையும், 32 வயதில் ஆட்டத்தையே விட்டார் என்பதையும் உன் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறித்துவை. பணத்துக்காக உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை.

பணத்துக்காக உட்கார்ந்திருப்பது பற்றித்தான் நம்மிடையே உண்மையான கருத்து வேறுபாடு. செல்சீயில் வின்ஸ்டன் போகார்ட் 2000 முதல் 2004 வரை நான்காண்டு ஒப்பந்தத்தை முழுவதும் இருந்து கழித்தார். லீக்கில் ஆடியது 9 ஆட்டம். அவரைச் சேர்த்துக்கொண்ட சில வாரங்களிலேயே பயிற்சியாளர் வியாலி நீக்கப்பட்டார். அடுத்து வந்த ரனியேரிக்கு அவர் தேவைப்படவில்லை. தினமும் பயிற்சிக்கு வந்தார், சம்பளம் வாங்கினார். உனக்கு இது அவமானம். எனக்கு இது ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் இயல்பான பொருள். கையெழுத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆட்டக்காரர் நன்றாக ஆடிவிட்டால் நடுவிலேயே அதிக விலைக்கு விற்கும் கழகத்தை யாரும் பேராசை என்று திட்டுவதில்லை. ஒருவரது கால் முறிந்த மறுநாள் சம்பளத்தை நிறுத்தலாமா என்று கேட்டால் நீயே கூடாது என்பாய். பிறகு பயிற்சியாளரின் மனம் மாறினால் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?

மெசூத் ஓசிலை நீ நடுக்களத்தின் தலைவராக வைத்திருக்கிறாய். 2018 தொடக்கத்தில் ஆர்சனல் அவருக்கு வாரம் சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு என்ற கணக்கில் புதிய ஒப்பந்தம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 29. பழைய ஒப்பந்தம் முடிய ஆறு மாதமும் இல்லை. 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், புதிய கழகம் பழைய கழகத்துக்கு ஒரு காசும் தராமலேயே, அங்கே போகலாம். பழைய கழகத்துக்குக் கிடைப்பது வெறும் கை. அதே சமயத்தில்தான் அலெக்சிஸ் சான்செஸை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். இரண்டு நட்சத்திரங்களையும் ஒரே பருவத்தில் இழந்தால் ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் அந்தத் தொகையில் பாதி இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ரசிகர்களில் நாமும் இருந்தோம், போக விடாதே என்று கூச்சலிட்டோம் என்பதை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2020 இலையுதிர் காலத்தில் லீக்குக்கான 25 பேர் பட்டியலிலிருந்தே அவரை ஆர்சனல் நீக்கியது. ஆட அனுமதிக்காமல் வைத்திருந்த ஒருவரை ஆடவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

சான்செஸ் மான்செஸ்டரில் தேறவில்லை. லீக்கில் 32 ஆட்டம், 3 கோல். பெரிய காயம் எதுவும் இல்லையே என்று நீ கேட்பது சரியான கேள்விதான். பதில் அவருடைய கோடைகளில் இருக்கிறது: 2014-இல் உலகக் கோப்பை, 2015-இலும் 2016-இலும் கோபா அமெரிக்கா, 2017-இல் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. நான்கு கோடைகள் தொடர்ந்து சிலிக்காக ஆடினார், அதுவும் பந்தை இழந்தால் மைதானம் முழுக்கத் துரத்தும் அவருடைய பாணியில். வயதைப் பிறந்த நாளால் அளப்பது நம் வழக்கம். கால்கள் ஆட்டங்களால் அளக்கின்றன. 16 வயதில் லீக்கில் கோல் அடித்த ரூனி முப்பதிலேயே கிழவராகத் தெரிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 2020-21 பருவத்தில் கழகம், நாடு, ஒலிம்பிக் என்று 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பார்சிலோனாவின் 18 வயதுப் பெட்ரியை இறக்கினார்கள். அடுத்த பருவம் அவருக்குப் பெரும்பாலும் காயத்தில் கழிந்தது. அவருக்குப் பத்தாண்டு கழித்து நம்மைப் போன்றவர்கள் என்ன பெயர் சூட்டுவார்கள் என்று கவலையாக இருக்கிறது.

விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்று எழுதியிருக்கிறாய். கணக்குப் புத்தகம் அதற்கு இடம் தராது. 10 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஆண்டுக்கு 2 கோடி வீதம் கழித்து எழுதுவார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அவரை 3 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் மீதமுள்ள 6 கோடிக்கு எதிரே 3 கோடி நட்டம் பளிச்சென்று தெரியும். அதனால் இரவல் கொடுப்பார்கள், சம்பளத்தில் பாதியைத் தாங்களே கட்டுவார்கள், காலம் போகட்டும் என்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பைத்தான் நீ ஆட்டக்காரரின் சோம்பல் என்று படிக்கிறாய்.

உன் பட்டியலில் உள்ள பிரேசிலின் ரொனால்டினோவைப் பற்றி வாதாட என்னிடம் எதுவும் இல்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. அவருக்கே போதும் என்று தோன்றிவிட்டது. வைத்துக்கொள்.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பட்டியலைப் போட்டிருந்தால் உஸ்மான் டெம்பெலேயின் பெயர் முதல் வரியில் இருந்திருக்கும், இல்லையா? 2017-இல் 10 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து பார்சிலோனா வாங்கிய அடுத்த மாதமே தொடைத் தசை கிழிந்து, பின் ஆண்டுக்கு ஆண்டு அதே கதையாக இருந்தவர், 2025-இல் பாரிஸ் அணியோடு சாம்பியன்ஸ் லீக்கையும் வென்று பாலன் டி'ஓர் விருதையும் வாங்கினார். ஆர்சனலில் ஆடிய சாந்தி கசோர்லாவை எந்தப் பட்டியலிலும் யாரும் சேர்க்கவில்லை, ஏனெனில் 2016 அக்டோபருக்குப் பிறகு அவரை மறந்தே போனார்கள். கணுக்காலில் தொற்று ஏறி, குதிகால் நாணில் எட்டு சென்டிமீட்டருக்கும் அதிகமாக அரித்துப்போய், கையிலிருந்து தோலெடுத்துக் காலில் ஒட்டினார்கள். மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே போதும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் வியாரியாலில் திரும்பி வந்து ஆடினார், ஸ்பெயின் அணிக்கும் அழைக்கப்பட்டார். 2023-இல், தான் வளர்ந்த ஒவியேதோ கழகத்தில் விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த ஊதியத்துக்குச் சேர்ந்து, 2025-இல் அதை முதல் பிரிவுக்கு ஏற்றிவைக்கும் ஆட்டத்தில் 40 வயதில் கோலும் அடித்தார். அவருக்கும் ஹசார்டுக்கும் உள்ள வேறுபாடு குணத்தில் இருக்கிறது என்று நீ சொல்லலாம். ஓரளவு இருக்கலாம். ஆனால் எந்தக் கணுக்கால் ஒட்டும், எது ஒட்டாது என்பது குணத்தைப் பார்த்து நடப்பதில்லை.

கோல்காவலர் இடத்தை நீங்கள் காலியாக விட்டிருப்பதைக் கவனித்தேன். கேபா அரிசபலாகாவைப் போட்டுக்கொள். 2018-இல் செல்சீ கொடுத்தது 7 கோடியே 16 லட்சம் பவுண்டு, காவலர்களுக்கு உலகிலேயே அதிகபட்சத் தொகை, ஏழாண்டு ஒப்பந்தம், வயது 23, காலும் கையும் நல்ல நிலையில். இரண்டே ஆண்டில் எடுவார் மெண்டி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார். நான் மேலே எழுதிய விளக்கம் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாது. நானும் பொருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். டோரஸை எடுத்துவிட்டால் முன்வரிசையில் இடம் காலியாகிறதே என்று புலம்புவாய். 29 வயதில் மிலானிலிருந்து செல்சீ வந்த ஷெவ்செங்கோவைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவரை அங்கே வைப்பதாக இருந்தால் காரணத்தை முதலில் நீ எழுது. பிறகு நான் மறுக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்