வேலிமசால் விதை அனுப்பியிருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

கோழித் தீவன மூட்டை விலை ஏறிவிட்டது, வேலியோரச் சவுண்டல் தழையைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று போனில் கேட்டாய். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை கண்ணு, அதனால் எழுதுகிறேன்.

நீ விடுதியில் தங்கிப் படித்த வருடம் நான் அதைத்தான் செய்தேன். சவுண்டல் தழையைக் காயவைத்து நுணுக்கி, தீவனத்தில் பாதிக்குப் பாதி கலந்தேன். தினமும் 40 முட்டை எடுத்த கொட்டகையில் மூன்றே வாரத்தில் 18 ஆகிவிட்டது. கோழிகள் கொண்டை வெளுத்து, மெலிந்து நின்றன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை; எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் இல்லை. அந்தத் தழையில் மைமோசின் என்ற நஞ்சு இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காயவைத்தால் அது குறையுமே தவிர, முழுதாகப் போகாது. ஆடு ஆசையாகத் தின்கிற அகத்தியும் கோழிக்கு ஆகாது. அதன் பக்கமே போகாதே.

பசுந்தீவனமாக வளர்க்கிற வேலிமசாலும் குதிரைமசாலும் கொடு. தட்டைப்பயற்றின் இளந்தழையும் நல்லதுதான். ஆனால் அளவு முக்கியம். ஒரு கோழி நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். பச்சைத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தழையின் நார்ச்சத்தை அசைபோட்டுச் செரிக்கக் கோழிக்கு மாட்டின் வயிறு கிடையாது. வயிறு தழையால் நிரம்பினால் தீவனம் இறங்காது, முட்டை நின்றுவிடும். கோழிக்கு 35 கிராம் என்று வைத்தால் உன் 60 கோழிக்கு இரண்டு கிலோ தழை போதும். அதற்கு ஈடாக அதிகம் போனால் நாளுக்கு அரைக் கிலோ தீவனம் குறைக்கலாம், மாதத்துக்கு 15 கிலோ. சின்னத் தொகைதான், ஆனாலும் ஒரு மூட்டையில் கால் பங்கு போல மிச்சம். மஞ்சள் கரு நல்ல நிறத்தில் வரும். வீட்டுக்கு வந்து முட்டை வாங்குகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

காலையில் தீவனத்தை முதலில் வை, தழையைப் பிற்பகலில் கொடு. தண்டு நீளமாக இருந்தால் இரைப்பையில் சிக்கிக்கொள்ளும், பொடியாக நறுக்கிப் போடு. கிளிஞ்சல் தூளை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதே. தழையில் உள்ள சுண்ணாம்புச் சத்தை நம்பினால் ஓடு மெலிந்து, எடுக்கும்போதே உடையும். புதுத் தழையை ஒரேயடியாகக் கொட்டாமல் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போ. முட்டைக் கணக்கைத் தினமும் எழுது. நான் எழுதியிருந்தால் மூன்று வாரம் போயிருக்காது.

உன் அத்தை மகனிடம் வேலிமசால் விதை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதன் தோல் கெட்டி. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டு, விதையை நான்கு நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் இரவு முழுதும் ஊறவை. முதல் அறுப்புக்கு மூன்று மாதம் ஆகும், பிறகு 40 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். கிணற்றடி வாய்க்கால் ஓரமாக இரண்டு பாத்தி போதும். அதுவரை தீவனத்தைக் குறைக்காதே. மூட்டைக்குப் பணம் குறைந்தால் கேள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா