புண் ஆறும் விதம்: மகளுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

சத்திரசிகிச்சை விடுதியில் உன்னை வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றாய். கட்டுப் பிரிக்கும்போது, நோயாளியின் புண்ணில் வெண்குழியங்கள் (குருதியின் வெள்ளை அணுக்கள்) எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று பார்க்கப் பழகு.

மண்வெட்டி பட்ட கால் என்று வை. சில மணித்தியாலத்திலேயே நியூட்ரோபில்கள் என்ற வெண்குழியங்கள் வந்து கிருமியைக் கொல்லும். இரண்டு, மூன்று நாளில் குருதியிலிருந்து மொனோசைட்டுகள் என்ற வேறு வகை வெண்குழியங்கள் இறங்கி, மக்ரோபேஜ் என்ற விழுங்கும் கலங்கள் ஆகும். செத்த கலங்களையும், வேலை முடிந்து சாகும் நியூட்ரோபில்களையும் விழுங்குவது இவைதான். விழுங்க விழுங்க அவற்றின் குணமே மாறும். அழற்சியை மூட்டிய கலமே பிறகு அதை அடக்கி, புதுக் குருதிக்கலன் முளைக்கவும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படியவும் வழி செய்யும். பற்றை வெட்டாத காணியில் பயிர் வைக்க ஏலாதுதானே. அதனால் முதல் மூன்று நாள் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் பதறாதே. ஆனால் எந்த நாளிலானாலும் சிவப்பு பரவினால், நாறினால், காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்.

சீனி வருத்தக்காரரின் காலில்தான் உனக்கு நிறைய வேலை இருக்கும். அங்கே மக்ரோபேஜ்கள் மாறாமல் முதற்கட்டத்திலேயே நின்றுவிடும். அழற்சி நீள நீள, சுரக்கும் நொதியங்கள் புதிதாகப் படியும் இழையத்தையே கரைக்கும். செத்த சதையை அகற்ற வேண்டும், அந்தக் காலில் பாரம் ஏற்றக் கூடாது, சீனி கட்டுப்பட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் புண் அப்படியே கிடக்கும். சிலர் ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டு வருவார்கள். அது கிருமியோடு புதுக் கலத்தையும் கொல்லும் என்று ஆறுதலாகச் சொல்லு, ஏசாதே.

ஈரலில் நிலைமை வேறு. அங்கேயே குடியிருக்கும் குப்பர் கலங்கள் என்ற மக்ரோபேஜ்கள் தூண்ட, ஈரற்கலங்கள் பிரிந்து பெருகும். மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் பருமன் திரும்ப வளரும். ஆனால் கசிப்பு (கள்ளச்சாராயம்) நாளாந்தம் உள்ளே போனால் காயம் ஓயாது, தழும்பே மிஞ்சும். இதயத் தசை அநேகமாகத் திரும்ப முளைப்பதில்லை. மாரடைப்புக்குப் பின் மக்ரோபேஜ்கள் செத்த தசையை அகற்றும் முதல் வாரத்தில் சுவர் மிக மெலிவு. அந்த நாட்களில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் போன்ற நோமாத்திரைகள் ஆகாது, தழும்பு உறுதியாவதையும் அவை கெடுக்கலாம். நோயாளியின் பையில் என்ன மாத்திரை இருக்கிறதென்று கேட்டுப் பார்.

தோல் மூடினதும் வயலுக்குப் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். மூன்று கிழமைத் தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 20 வீதம்தான். மாதக்கணக்கில் ஏறினாலும் 80 வீதத்தைத் தாண்டாது. தையல் வெட்டின கையோடு பாரம் தூக்க விடாதே.

அம்மா