போர்டில் இரண்டு பெயர்

மதுரை,
18 மே 2025

அன்புள்ள மாப்ள,

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கோழிக் கிறுக்கலை இருபது வருஷம் வக்காலத்து நாமாவில் பார்த்துப் பழகிய கண் இல்லையா. வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல் மூன்று பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை; நானும் அவசரமில்லாமல் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. 12ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார். ஆழ்வார்புரத்தில் நாம் வழக்கமாக நிற்கிற அதே கரைதான். இந்த வருஷம் மகளும் கூட வந்தாள், விடிய விடிய தூங்கவில்லை. தோல்பையில் தண்ணீர் பீய்ச்சியவர் எங்கள் மூன்று பேரையும் நனைத்துவிட்டார். நீ இருந்தால் வழக்கம்போல் முன்னால் புகுந்து இடம் பிடித்திருப்பாய். அதைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

டேர்டெவில், அந்த அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடரின் புது சீசனைப் பார்த்தாயா, ஃபாகியைக் கொன்றதை எப்படித் தாங்கினாய் என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். மார்ச் 4இல் தொடங்கி ஏப்ரல் 15இல் முடிந்த ஒன்பது எபிசோடையும் வந்த வாரமே பார்த்தேன். விடுமுறை விட்டதும் முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தேன். தாங்கவில்லை, மாப்ள.

நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்த 2016இல் நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் முதல் சீசனைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? கண் தெரியாத வக்கீல் மாட் மர்டாக், அவனோடு படித்த சிநேகிதன் ஃபாகி நெல்சன், இரண்டு பேருமாக ஒரு பழைய அறையை வாடகைக்கு எடுத்து நெல்சன் அண்ட் மர்டாக் என்று போர்டு மாட்டுகிறார்கள். ஃபீஸ் கொடுக்க முடியாத கட்சிக்காரர்கள்தான் வருகிறார்கள். நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, “இது நம்ம கதைடா” என்றாய். சண்டையும் முகமூடியும் எனக்கு அதற்கு அப்புறம்தான். ராத்திரியில் டேர்டெவிலாக முகமூடி போட்டு அடிவாங்கிய உடம்போடு காலையில் கோர்ட்டுக்கு வருகிற மாட்டுக்குப் பக்கத்தில், முதலில் அது எதுவும் தெரியாமல் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறானே ஃபாகி, அவனுக்காகத்தான் மூன்று சீசனையும் பார்த்தேன்.

2018 நவம்பரில் மூன்றாவது சீசனோடு நிறுத்திவிட்டார்கள். நீ கோவைக்குப் போய்விட்டிருந்தாய். போனில் ஒரு மணி நேரம் புலம்பினோம். உலகம் முழுக்க ரசிகர்கள் வருஷக்கணக்காகக் கையெழுத்து வாங்கிப் போராடியதால்தான் இது திரும்பி வந்தது என்று நான் நம்புகிறேன். அப்படிப் போராடியவர்களுக்கு முதல் எபிசோடின் முதல் கால் மணி நேரத்திலேயே ஃபாகியின் சாவைக் காட்டினால் கோபம் வராதா? அவர்கள் வழக்கமாகப் போகிற ஜோசியின் பார் வாசலில் அவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அவர்கள் ஆபீசில் கூட இருந்த சிநேகிதி கேரன் அவனை மடியில் தாங்கிக்கொண்டிருக்கிறாள். மொட்டைமாடியில் சண்டை போட்டுக்கொண்டே மாட், கீழே அந்த இதயம் மெதுவாகி மெதுவாகி நிற்பதைத் தன் அபாரமான காதால் கேட்கிறான். அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் ஜூனியர் பையன் ஒருவன், நீ பார்த்திருக்கிறாய், திண்டுக்கல்காரன். அவன் கட்சி வேறு. “சார், திரும்பி வந்ததே பெரிசு. கடைசி எபிசோடில் மாட் வீட்டில், துப்பாக்கியோடு பழிவாங்கித் திரிகிற பனிஷரும் அவனுமாகப் போடுகிற சண்டை ஒன்று போதும்” என்கிறான். அவன் வயசுப் பையன்கள் நிறையப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். இன்னொரு ஜூனியருக்கு, அவள் சிவகங்கைப் பெண், நடுவில் தொய்ந்துவிட்டது என்று வருத்தம். முதல் எபிசோடில் கழற்றிய முகமூடியை ஆறாவதில்தான் மறுபடி போடுகிறான், மியூஸ் என்கிற கொலைகாரன் கதை தொடங்கிய வேகத்தில் முடிந்துவிட்டது என்கிறாள். என் மகளுக்கு ஐந்தாவது எபிசோட் மட்டும் போதும். பேங்க்கில் கடன் கேட்கப் போன மாட், அங்கே கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொள்கிறான். கடனை மறுக்கிற அதிகாரி யூசுஃப் கானாக நம் நாட்டு மோகன் கபூர். வக்கீல் ஆபீசுக்குக் கடன் கிடைக்காத அந்தக் காட்சியில் நீயும் நானும் நினைவுக்கு வந்தோம். எந்த பேங்க் என்று எழுத மாட்டேன், உனக்குத் தெரியும்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஃபாகியைக் கொன்றதே குற்றம் என்று நீ எழுதியிருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொன்றதில் தப்பில்லை. கொன்ற பிறகு அவனை அழவில்லை, அதுதான் தப்பு.

ஏன் அழவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. முதலில் இதைப் பதினெட்டு எபிசோடாக, வேறொரு எழுத்தாளர் குழுவை வைத்து எடுத்தார்கள். அந்தக் கதையில் ஃபாகியும் கேரனும் கிடையாது. 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்து படப்பிடிப்பு நின்றது. எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர்கள், மார்வெல்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பழைய தலைமை எழுத்தாளர்களை அனுப்பிவிட்டு டேரியோ ஸ்கார்டபேன் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் வந்து முதல் எபிசோடையும் கடைசி இரண்டையும் புதிதாக எடுத்தார். ஃபாகியும் கேரனும் அந்தப் புதுப் பகுதிகளில்தான் வருகிறார்கள். நடுவில் இருக்கிற ஆறும் பெரும்பாலும் பழைய துணி. புதுத் துணியில் செத்தவனுக்காகப் பழைய துணியில் எப்படி அழுவது?

இரண்டாவது முறை பார்க்கும்போது அந்தத் தையல் எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. முதல் எபிசோடில் ஒரு வருஷம் ஓடிவிட்டது என்கிறார்கள். மாட் வேறொரு வக்கீல் அம்மாவோடு சேர்ந்து மர்டாக் அண்ட் மெக்டஃபி என்று புது போர்டு மாட்டியிருக்கிறான். நல்ல ஆபீஸ், நல்ல மேஜை. கேரன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டாள். அப்புறம் கேஸ், குறுக்கு விசாரணை, புதுக் காதல் என்று போகிறது. நாலாவது எபிசோடில் ஃபிராங்க் கேசில், அதாவது பனிஷர், அவனை நேருக்கு நேர் பிடித்து ஃபாகியைப் பற்றிக் கேட்கிறான். அந்த ஒரு காட்சியில் மாட்டாக நடிக்கிற சார்லி காக்ஸ் முகத்தைப் பார்த்து, அப்பாடா, இவனுக்கு வலிக்கிறது என்று எனக்கு மூச்சு வந்தது. மற்ற நேரமெல்லாம் அந்த ஆபீசில் செத்தவன் நிழலே விழவில்லை.

இதை இத்தனை உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் நம் குமாஸ்தா அண்ணன். அவர் போய் நாலு மாதம் ஆகிறது. நீ அடக்கத்துக்கு வந்துவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டாய், அதற்கு அப்புறம் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு பாகப்பிரிவினை கேஸுக்கு வாய்தா தேதி தேடி அவருடைய டைரியைப் புரட்டினேன். ஜனவரியில் இறந்தவர் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் வாய்தாக்களை எல்லாம் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். மூன்று மாதம் அவர் எழுதிவைத்த தேதிகளுக்குத்தான் நான் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசித் தேதி ஏப்ரல் 21. அன்றைக்கு அந்தக் கேஸில் நான் எழுந்து நின்றபோது ஒரு வார்த்தை வரவில்லை. ஜட்ஜம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அதற்கு அடுத்த பக்கம் வெள்ளையாக இருக்கிறது, இப்போது நான் எழுதுகிறேன்.

துக்கம் அடக்கத்தோடு முடிவதில்லை. ஸ்டாம்ப் டப்பாவைத் திறக்கும்போது வரும், டீக்காரர் பழக்கத்தில் ஒரு டீ கூடக் கொண்டுவரும்போது வரும். அந்த ஆறு எபிசோடில் மாட் ஒரே ஒரு முறை பழக்கத்தில் “ஃபாகி, அந்தக் கட்டை எடு” என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால் போதுமே. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கோர்ட் காட்சி பற்றி உன்னோடு சண்டை போட வேண்டும். எக்டர் அயாலா கேஸில் சாட்சி பல்டி அடித்ததும், தான்தான் ஒயிட் டைகர் என்கிற முகமூடி ஹீரோ என்று கட்சிக்காரன் வருஷக்கணக்காகக் காத்த ரகசியத்தை மாட் திறந்த கோர்ட்டில் போட்டு உடைக்கிறான். அதை நீ பிரமாதம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உடம்பு பதறியது. கட்சிக்காரன் சம்மதம் இல்லாமல் அவன் சொன்னதை வெளியிடக்கூடாது என்று நம் பழைய சாட்சியச் சட்டத்தில் 126, புதுச் சட்டத்தில் 132. அந்த ஊரிலும் அது வக்கீலின் அடிப்படைக் கடமைதான். அயாலாவே வேண்டாம் என்று தடுக்கிறார். விடுதலை கிடைத்தது சரி, அன்று ராத்திரியே மனுஷனைத் தெருவில் சுட்டுப் போட்டுவிட்டார்களே. அந்த வேஷத்தில் நடித்த கமார் டி லாஸ் ரேயஸ் தொடர் வெளிவருவதற்கு முன்பே, 2023 டிசம்பரில் இறந்துவிட்டார். அவர் கண்ணில் இருந்த களைப்பை நான் மறக்க மாட்டேன்.

அந்த சீசனில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி எது தெரியுமா? நாலாவது எபிசோடில், தின்பண்டம் திருடிய ஒருவனுக்கு மாட் பேசிப் பேசித் தண்டனையைப் பத்து நாளாகக் குறைக்கிறான். அவன் நன்றி சொல்லவில்லை. உள்ளே போய் வந்தால் கிடைக்கிற உதவி போய்விடும், மறுபடி திருடத்தான் வேண்டும் என்று தன் பிழைப்பை விவரிக்கிறான். திங்கட்கிழமை காலை மாஜிஸ்திரேட் கோர்ட் வராண்டாவில் நாம் கேட்ட பேச்சு அது. சூப்பர் ஹீரோ கதையில் இதை வைத்தவர்களைக் கும்பிடலாம்.

இனி என்ன செய்யப்போகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. கடைசியில் மாட்டின் பழைய எதிரி, இப்போது நியூயார்க் மேயரான ஃபிஸ்க், ஊரையே தன் பிடியில் கொண்டுவந்து, பனிஷரின் சின்னமான மண்டையோட்டைப் பச்சை குத்திய போலீஸ்காரர்களைத் தெருவில் இறக்கிவிடுகிறான். 2020இல் சாத்தான்குளம் தந்தை மகன் மரணத்தை நம் மதுரைக் கிளை தானாக முன்வந்து கையிலெடுத்த அந்த ஜூன் மாதத்தைப் பார்த்தவர்கள் நாம். காக்கி போட்டவன் தன்னை யாரும் கேட்க முடியாது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குக் கதையல்ல. அதனால் அந்தத் திசை சரியான திசை. ஆனால் ஜோசியின் பாரில் மாட் ஆள் சேர்க்கிறான், அடுத்தது படை, போர் என்கிறார்கள். போன வாரம் நியூயார்க்கில், இன்னொரு மார்வெல் தொடரின் நாயகி ஜெசிகா ஜோன்ஸும் வருவதாக அறிவித்தார்கள். என் திண்டுக்கல் பையன் குதிக்கிறான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆள் கூடக் கூடக் கோர்ட் காணாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஃபிஸ்க்கை முஷ்டியால் மட்டும் வீழ்த்தினால் மாட் எதற்கு வக்கீலாக இருக்க வேண்டும்? ஒரு எஃப்.ஐ.ஆர்., ஒரு ரிட் மனு, பயந்து நடுங்கினாலும் கூண்டில் ஏறுகிற ஒரு சாட்சி, இவையும் அந்தப் போரில் இருக்க வேண்டும்.

அடுத்த சீசன் முழுக்க ஒரே குழு எழுதியது, எட்டு எபிசோட், தையல் இருக்காது. கேரனும் மாட் பக்கம் திரும்பிவிட்டாள். ஃபாகியை ஏதோ தந்திரம் செய்து உயிரோடு கொண்டுவந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். பழைய நாள் காட்சியில் வரட்டும், கேரனும் மாட்டும் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசட்டும், சண்டை போடட்டும், அழட்டும்.

இன்னொரு விஷயம். நம் ஆபீஸ் போர்டு போன மழையில் உரிந்துவிட்டது. பெயின்டர் புதன்கிழமை வருகிறார். ஒரு பெயர்தானே சார் என்று கேட்டார். இரண்டு என்று சொல்லிவிட்டேன். குமாஸ்தா அண்ணன் இருந்தவரை உன் நாற்காலியில் ஒரு கட்டைக் கூட வைக்க விடமாட்டார், அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீ எம்.எல். முடித்துவிட்டாயா, இன்னும் ஒரு பேப்பர் பாக்கியா? உன் பெயருக்குப் பின்னால் என்ன போட வேண்டும் என்று புதனுக்குள் சொல். இதற்கு மட்டும் போன் பண்ணு, கடிதம் போட்டால் வந்து சேராது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மாப்ள